ஒன்றரை முழம் காற்று

பதினோரு மணியானால் போதும், அவள் உள்ளேயிருந்து அறிவிக்கத் தொடங்கிவிடுவாள்.

"இந்தாங்க, மூணாவது தையலுக்கு வந்தாச்சு."

வெயிலைத்தான் சொல்கிறாள். இருபத்திரண்டு நாளாகப் படுத்த படுக்கையாகக் கிடப்பவளுக்குக் கூடாரத்தின் கூரையைத் தவிரப் பார்க்க வேறு என்ன இருக்கிறது? எந்தத் தையலில் வெயில் ஏறினால் மணி என்ன, எந்த ஒட்டுக்கு வந்தால் கழுத்து வேர்க்கும், எங்கே வந்தால் தலை கிறுகிறுக்கும் என்று அந்த வெள்ளை கேன்வாஸ் துணி அவளுக்கு மனப்பாடம். வெளியே அவள் புருஷன் கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி வருவான். உட்கார மாட்டான். உட்கார்ந்தால் ஏதாவது ஒரு கயிறு தொய்ந்திருப்பது கண்ணில் படும். எழுந்து போய் இழுத்துக் கட்டுவான். கட்டி முடித்ததும் எதிர்ப்பக்கத்துக் கயிறு, நான் மட்டும் என்ன பாவம் பண்ணினேன் என்பதுபோல் தொய்ந்து நிற்கும்.

"ஒரு இடத்துல நில்லுங்களேன். உங்க நிழல் துணி மேல போய்ப் போய் வருது. எனக்கு மயக்கமே அதுலதான் வருது."

அவனுக்குத் தெருவில் பெயர் டைட்டு. ஒரு சொட்டு தொடாதவனுக்கு இப்படி ஒரு பெயர் அமைந்தது தொழிலால்தான். விசேஷ வீடு, கூட்டம், கடைத் திறப்பு என்று எங்கே டென்ட் போட்டாலும், "டைட்டா இழு, இன்னும் டைட்டா" என்று தொண்டை வறளக் கத்துவான். அவன் போட்ட துணியைச் சுண்டினால் மத்தளம் மாதிரி கேட்க வேண்டும். துணிக்கும் துணிக்கும் நடுவே எறும்பு நுழைய வழி இருக்கக் கூடாது. பதினெட்டு வருஷமாக இதுதான் அவனுடைய கொள்கை, கௌரவம், பிடிவாதம், எல்லாம்.

வீடு ஒன்று இருந்தது. இப்போதும் எதிரிலேயே இருக்கிறது, உள்ளேதான் போக முடியாது. பக்கத்து மனையில் அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டியவர்கள் அங்கே நின்ற ஒரே மரத்தையும் வெட்டி எடுத்தார்கள், இவர்கள் சுவரில் கை நுழையும் அகலத்துக்கு ஒரு விரிசலையும் கொடுத்தார்கள். இன்ஜினியர் வந்து அண்ணாந்து பார்த்தார், உச்சுக் கொட்டினார், கதவில் சிவப்புப் பெயிண்ட்டில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார். அதே வாரம்தான் டாக்டரும் அவளைப் பார்த்துவிட்டு, ஏழாவது மாசம், பிள்ளை பிறக்கிறவரை எழுந்து நடக்கவே கூடாது என்றார். படி ஏறக் கூடாது. வண்டியில் குலுங்கக் கூடாது. இதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. இரண்டாவதற்குப் பெயர்கூட யோசித்து வைத்திருந்தார்கள். அந்தப் பெயரை அவர்கள் அப்புறம் ஒருநாளும் வாயில் எடுக்கவில்லை. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பாள், அவன் போய் எங்கேயாவது ஒரு கயிற்றை இழுத்துக் கட்டுவான்.

தரைத்தளத்தில் ஒரு வாடகை வீடு அகப்பட்டது. ஆனால் இருக்கிறவர்கள் காலி பண்ண, இன்றைய கணக்குக்கும் இன்னும் பத்தொன்பது நாள் ஆகும். "டென்ட்டுக்காரன் பொண்டாட்டிக்கு டென்ட்டுக்கா பஞ்சம்?" என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்கு எதிரில் இருந்த காலி மனையில் தன்னிடம் இருப்பதிலேயே நல்ல கூடாரத்தை அடித்தான் டைட்டு. நாலு பேர் கட்டிலோடு அவளை அலுங்காமல் தூக்கி வந்து வைத்தார்கள். இழுத்த இழுப்பில் கூடாரம் முட்டை ஓடு மாதிரி நின்றது. அது மேகமூட்டமான நாள். அடுத்த இரண்டு வாரமும் மேகம்தான். டைட்டுக்குத் தன் கைவேலையின் மேல் தனி மரியாதையே வந்துவிட்டது.

மேகம் விலகியது. வெயில் வந்தது. மரியாதை போயிற்று.

நர்ஸம்மா வாரத்துக்கு இரண்டு தடவை வருவார். அன்று பன்னிரண்டு மணிக்கு வந்தவர், குனிந்து நுழைந்ததும் அப்படியே நின்றார். கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து அறைச் சூடு பார்க்கிற தெர்மாமீட்டரை எடுத்துக் கட்டில் காலில் தொங்கவிட்டார். நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு தெர்மாமீட்டரைப் பார்த்தார்.

"நாற்பத்திரண்டு. இது என்னய்யா டென்ட்டா, அடுப்பா?"

"வெளிய அனல் அடிக்குது சிஸ்டர். அது உள்ள வரக் கூடாதுன்னுதான் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டியிருக்கேன்."

"ஃபேன் இருக்கே?"

"தையல்கடையிலேர்ந்து ஒயர் இழுத்துப் போட்டிருக்கேன்."

"அது முடி உலர்த்துற மெஷின் மாதிரி ஊதுது சிஸ்டர்," என்றாள் அவள். "நான் தலைக்குக் குளிச்சதுமில்ல, உலர்த்த வேண்டியதுமில்ல."

நர்ஸம்மா சிரிக்கவில்லை. அவனை வெளியே கூப்பிட்டுக்கொண்டு போய்க் குடையில் பாதியைக் கொடுத்தார்.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு வருவேன். அதே கட்டில் கால், அதே தெர்மாமீட்டர். முப்பத்தாறுக்குள்ள இருந்தா இங்கயே இருக்கட்டும். தாண்டிச்சுன்னா வண்டியில ஏத்திடுவேன். அப்புறம் நீ அழுதாலும் கேக்க மாட்டேன்."

"எங்க ஏத்துவீங்க? ஆஸ்பத்திரியில தரையில படுத்திருக்காங்களாமே."

"இவ அண்ணன் வீட்டுல ஏசி இருக்காமே."

"ஒன்றரை மணி நேரம் சிஸ்டர்! பாதி ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கான். குலுங்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"குலுங்கவும் கூடாது, வேகவும் கூடாது. குலுங்கினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும். இப்படியே வெந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். ரெண்டுல எதுன்னு நாளைக்குப் பாத்துக்கலாம்." தெர்மாமீட்டரை அவர் எடுத்துக்கொண்டு போகவில்லை. "அது அங்கயே தொங்கட்டும். உனக்குப் புத்தி சொல்ல ஒரு ஆள் வேணும்."

அவர் தெருமுனை தாண்டவில்லை, போன் வந்துவிட்டது. மச்சான்தான். அவருடைய ஊரில் முக்கால்வாசி ஏசிகளுக்கு அவர்தான் வைத்தியர். ஆளும் பேச்சும் எப்போதும் பதினெட்டு டிகிரியில் இருக்கும்.

"மாப்பிள்ளை, தங்கச்சி பேசினா. குரலே சரியில்ல."

"நல்லாத்தான் இருக்கா மச்சான்."

"துணிய நம்பி ஒரு புள்ளத்தாச்சிய வெட்டவெளியில போட்டு வச்சிருக்கீங்க. நான் நாளைக்கு வேனோட வரேன். ரெண்டு மெத்தை போட்டு, ஊர்ந்து ஊர்ந்து கூட்டிட்டுப் போயிடலாம்."

"ரெண்டு மணிவரைக்கும் பொறுங்க மச்சான்."

"ரெண்டு மணிக்கு என்ன, மழையா பெய்யப் போகுது?"

டைட்டு போனை வைத்துவிட்டுத் தன் கிடங்குக்கு ஓடினான். ஓடினான் என்றால் ஓடினான்தான். செருப்பு ஒன்று வழியில் கழன்றதைத் திரும்பி வரும்போதுதான் எடுத்துக்கொண்டான். நாற்றுப் பண்ணைக்கு நிழல் போட்டபோது மிஞ்சிய பச்சை வலை இருந்தது. அதைக் கூரைமேல் போர்த்தி, சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டினான். அதற்கு மேல் பெரிய தார்ப்பாய். அதற்கு ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் வெள்ளி. வெள்ளிப் பக்கம் வெளியே தெரிந்தால் பாத்திரக் கடை மாதிரி மின்னும், பார்க்கச் சகிக்காது. ஆகவே நீலம் மேலே. அதையும் இழுத்து, வலையோடு வலையாக, துணியோடு துணியாக ஒட்டினான். பக்கங்களில் இருந்த சந்துகளைக் கம்பளியால் அடைத்தான். கடைசியாகக் குழாயைப் பிடித்து மேலே தண்ணீர் அடித்தான்.

தண்ணீர் பட்டதும் கூரை சுர்ரென்றது. உள்ளே எட்டிப் பார்த்தான்.

"எப்படி இருக்கு?"

"ஆவி பிடிக்கற மாதிரி இருக்கு. எனக்குச் சளியே இல்லயேங்க."

தெர்மாமீட்டர் நாற்பத்தி நாலு காட்டியது. டைட்டு அதைத் தட்டிப் பார்த்தான். நாற்பத்தி நாலரை ஆயிற்று.

அவள் முகம் சிவந்து, உதட்டு மேலே வேர்வை முத்து முத்தாக நின்றது. ஈரத் துணியை நெற்றியில் வைத்தான். அவள் அதை எடுத்துக் கழுத்தில் வைத்துக்கொண்டாள். உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரைக் கொடுத்தான். இரண்டு வாய் குடித்துவிட்டுப் போதும் என்றாள். அவன் வெளியே போகத் திரும்பினான்.

"எங்க போறீங்க?"

"இன்னொரு தார்ப்பாய் இருக்கு. அதையும் மேல—"

"இங்க வந்து படுங்க."

"வேலை கிடக்குடீ."

"பதினெட்டு வருஷமா ஊருக்கே டென்ட் போடறீங்க. மத்தியானம் மூணு மணிக்கு ஒரு டென்ட்டுக்குள்ள என்னிக்காவது படுத்திருக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தான். இல்லை. ஒருநாள்கூட இல்லை. காலையில் டென்ட் அடிப்பான், சாயங்காலம் ஆட்கள் வருவார்கள், நடுவில் உள்ள வெயிலுக்கெல்லாம் அவன் லாரிக்கு அடியில் சாக்கை விரித்துத் தூங்கிக்கொண்டிருப்பான். சமையல்காரன் தான் சமைத்ததை வாயில் வைத்துப் பார்க்காத கதைதான்.

கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் மல்லாந்து படுத்தான். முதுகில் மண் அவ்வளவு சுடவில்லை. ஃபேன் காற்றும் பரவாயில்லை. ஆனால் முகத்துக்கு நேரே யாரோ இஸ்திரிப் பெட்டியைக் கொண்டு வந்து நீட்டுகிற மாதிரி, தொடாமல், எடுக்காமல், அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. ஒரு நிமிஷத்தில் புரண்டான். இரண்டு நிமிஷத்தில் எழுந்தான். இவள் இருபத்திரண்டு நாளாகப் புரளக்கூட முடியாமல் இதன் கீழே கிடக்கிறாள்.

ஸ்டூலைப் போட்டு ஏறி உள்கூரையைத் தொட்டான். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"மூணு துணியும் ஒட்டிக்கிட்டுக் கிடக்குங்க," என்றாள் அவள். "மேல இருக்கறது வாங்கி நடுவுல இருக்கறதுக்குக் குடுக்குது. நடுவுல இருக்கறது கீழ குடுக்குது. செங்கல் மாத்தற ஆளுங்க மாதிரி. கடைசி ஆள் எம் மூஞ்சியில போடறான்."

"நிழலுக்குத்தானே போட்டேன்."

"ஆமா, லாரிக்கு அடியில ஜில்லுன்னு இருக்கும்னு சொல்வீங்களே. லாரி இரும்புதானே? துணியை விடச் சுடணுமே, ஏன் சுடல?"

"லாரி என் மேலயா ஒட்டிக்கிட்டிருக்கு? நடுவுல ஒன்றரை முழம் சந்து. நாலு பக்கமும் தொறந்து கிடக்கு. காத்து சும்மா..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயோரம் மட்டும் லேசாகத் துடித்தது.

"சிரிக்காதடி."

"நான் எங்க சிரிச்சேன்? நான் சிரிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

தெர்மாமீட்டரைக் கழற்றி, ஸ்டூல்மேல் நின்று கூரையின் உச்சியில் பிடித்தான். பாதரசம் ஏறிக்கொண்டே போய் ஐம்பத்தொன்றில் நின்றது. சூடெல்லாம் அங்கே போய் ஒண்டிக்கொண்டிருக்கிறது. வெளியே போக வழியில்லை. வழி இருந்தால்தானே? அவன்தான் எறும்புக்குக்கூட விடவில்லையே.

"உச்சியில ஒரு ஓட்டை போட்டா போயிடும்," என்றாள்.

"ஓட்டையா?"

"கத்தரிக்கோல் அந்தப் பெட்டியில இருக்கு."

"ஏய், இது என் கூடாரத்துலயே நல்ல கூடாரம். பதினாலு வருஷமா ஒரு கீறல் விழாம வச்சிருக்கேன். எம் பிள்ளை மாதிரி..."

சொன்ன வாயை அவனே மூடிக்கொண்டான். ஸ்டூலிலிருந்து இறங்கித் தெர்மாமீட்டரைத் திரும்பக் கட்டில் காலில் மாட்டினான்.

"காலையில வெட்டறேன்," என்றான்.

விடிந்தும் விடியாததுமாக மேலே போர்த்தியதையெல்லாம் அவிழ்த்தான். தன் கையால் போட்ட முடிச்சுகள் தனக்கே அவிழ மறுத்தன. மூன்றைப் பல்லால் அவிழ்க்க வேண்டியிருந்தது. கூரை உச்சியில் ஒரு முழ நீளத்துக்குக் கத்தரிக்கோலை ஓட்டினான். கேன்வாஸ் கரகரவென்று பிளந்தபோது கண்ணை மூடிக்கொண்டுதான் வெட்டினான். அதனால் வெட்டு கோணலாகப் போயிற்று.

பிறகு எட்டுக் கம்புகளைக் கூடாரத்தைச் சுற்றி, அதைத் தொடாமல் நட்டான். அவற்றின் தலையில் தார்ப்பாயைக் கட்டினான். இந்தத் தடவை வெள்ளிப் பக்கம் மேலே. கூரைக்கும் அதற்கும் நடுவே ஒன்றரை முழம் சந்து.

"இன்னும் கொஞ்சம் தூக்குங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஓட்டை வழியா தார்ப்பாய் தெரியுது. ஆனா நடுவுல சந்து தெரியல. இடது பக்கம் சரிஞ்சிருக்கு. உங்களுக்கு இடது இல்ல, எனக்கு இடது."

"நீ படுத்துக்கிட்டே மேஸ்திரி வேலை பாக்கறியா?"

"நின்னுக்கிட்டுப் பாக்கக் கூடாதுன்னுட்டாங்களே."

பச்சை வலையை மேற்குப் பக்கம் திரை மாதிரித் தொங்கவிட்டான். காற்று புகும், வெயில் புகாது. கூடாரத்தின் பக்கத் துணிகளை முழங்கால் உயரத்துக்குச் சுருட்டி விட்டான். காற்று வரும் பக்கத்தில் சாக்குகளை நனைத்துத் தொங்கவிட்டான். எட்டு மணிக்குத் தள்ளி நின்று பார்த்தான். பார்க்கச் சகிக்கவில்லை. பதினெட்டு வருஷத்தில் இவ்வளவு அலங்கோலமாக ஒன்றை அவன் கட்டியதில்லை. பால்காரர் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றினார்.

"என்ன டைட்டு, டென்ட்டைத் துவைச்சுக் காயப் போட்டிருக்கியா?"

"ஆமாண்ணே. பிழியத்தான் ஆள் தேடறேன், வரீங்களா?"

பதினோரு மணிக்கு உள்ளேயிருந்து அறிவிப்பு எதுவும் வரவில்லை. பயந்துபோய் ஓடினான். அவள் வெள்ளரிப் பிஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"தையலே தெரியலங்க," என்றாள். "மணி என்னன்னே எனக்குத் தெரியல."

பன்னிரண்டுக்கு முப்பத்தி நாலு. ஒரு மணிக்கு முப்பத்தைந்து. டைட்டு சாக்குகளுக்குத் தண்ணீர் தெளித்தான், தெர்மாமீட்டரைப் பார்த்தான், தெளித்தான், பார்த்தான். "அதைப் பாத்துப் பாத்தே ஏத்தப் போறீங்க, வெளிய போங்க," என்று துரத்தினாள். ஒன்றேகாலுக்கு முப்பத்தைந்தரை.

ஒன்றரைக்கு வேன் வந்தது. மச்சான் இறங்கி, கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு, கூடாரத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இது என்ன மாப்பிள்ளை, கூரை மேல கூரை? அதுலயும் ஓட்டை?"

"சூடு போறதுக்கு மச்சான்."

"சூடு போறதுக்குன்னு நாங்க கம்ப்ரசர் வச்சிருக்கோம், காயில் வச்சிருக்கோம், கேஸ் அடிக்கிறோம். நீங்க கத்தரிக்கோல் வச்சிருக்கீங்க."

"உள்ள போய்ப் பாத்துட்டுப் பேசுங்க."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? சொல்றதைக் கேளுங்க. உங்க வீம்புக்கு அவள—"

"வீம்பா? எனக்கா?" டைட்டு கூடார வாசலை மறித்து நின்றான். "போன தடவை பஸ்ஸுல கூட்டிட்டுப் போனது யாரு மச்சான்? நான்தானே? வலிக்குது வலிக்குதுன்னா. இதோ வந்துடும், இதோ வந்துடும்னு சொல்லிக்கிட்டே போனவன் நான்தானே? இன்னொரு தடவை அந்த ரோட்டுல அவளைக் கொண்டுபோக என்னால முடியாது. என்னைக் கொன்னாலும் முடியாது."

மச்சான் வாயைத் திறந்தார். அதற்குள் காற்று முந்திக்கொண்டது.

காலி மனையின் கோடியிலிருந்து புழுதியைச் சுருட்டிக்கொண்டு வந்த ஒரே ஒரு வீச்சு. தார்ப்பாய் பாய்மரம் மாதிரி உப்பிற்று. காய்ந்த மண்ணில் அடித்த முளைகளில் மேற்கே இருந்த இரண்டும் பொலக் பொலக்கென்று பிடுங்கிக்கொண்டன. கம்பு சாய்ந்தது. டைட்டு தாவி அதைக் கட்டிப் பிடித்தான். அடுத்த கம்பு மச்சானை நோக்கிச் சாய்ந்தது. அவர் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அதைப் பிடித்துவிட்டார்.

"விட்டுடாதீங்க மச்சான்! விட்டா உச்சி ஓட்டையில நேரா வெயில் இறங்கும்!"

"நான் எங்கய்யா விடறேன்? சுத்தியல் எங்க?"

"கிடங்குல இருக்கு. யாராவது வரட்டும்."

வந்தது நர்ஸம்மா. இரண்டு ஆம்பிளைகள் ஆளுக்கொரு கம்பைக் கட்டிக்கொண்டு வெயிலில் நிற்பதைப் பார்த்தார். குடையை மடக்கிக் குனிந்து உள்ளே போனார்.

போனவர் வரவில்லை.

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். உள்ளே பேச்சுச் சத்தமும் இல்லை. டைட்டுக்கு வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. தோளில் தேய்த்துக்கொண்டான்.

"சிஸ்டர்!" என்று கத்தினான். "எவ்வளவு சிஸ்டர்?"

நர்ஸம்மா வேகமாக வெளியே வந்தார். உதட்டில் விரலை வைத்துக்கொண்டு முறைத்தார்.

"கத்தாதய்யா. தூங்கறா."

"தூங்கறாளா?"

"நான் போறப்பவே தூங்கிட்டுத்தான் இருந்தா. நாடி பாத்தேன், எழுந்திருக்கல. பிள்ளைச் சத்தமும் கேட்டேன், ஜோரா ஓடுது. நானும் கொஞ்சம் உக்காந்துட்டேன். வெளிய வரவே மனசில்ல."

"எவ்வளவு காட்டுது?" என்று மச்சான் கேட்டார். அவரும் கிசுகிசுத்தார்.

"முப்பத்தாறு. கோட்டு மேலயே நிக்குது." நர்ஸம்மா வேனைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். "என்னங்க, எழுப்பி ஏத்திடலாமா?"

மச்சான் கம்பைப் பார்த்தார். தார்ப்பாயைப் பார்த்தார். சுருட்டிய துணிக்கு அடியில் கட்டிலிலிருந்து தொங்கிய தங்கையின் கை தெரிந்தது, விரல்கள் தளர்ந்து கிடந்தன.

"வேணாம்," என்றார்.

"நாளைக்கும் வருவேன். தினமும் வருவேன். ஒரு டிகிரி ஏறினாலும் விட மாட்டேன்," என்று டைட்டிடம் சொல்லிவிட்டு நர்ஸம்மா குடையை விரித்தார். "சிஸ்டர், போற வழியில தையல்கடைக்காரர்கிட்ட சுத்தியல்—" என்று டைட்டு ஆரம்பித்தான். அவர் திரும்பினார்.

"சுத்தியலா? தலைமாட்டுல நின்னு முளை அடிக்கப் போறியா? ஒரு வாரமா மத்தியானத்துல கண்ணை மூடாத பொண்ணு."

போய்விட்டார்.

"எவ்வளவு நேரம் தூங்குவா?" மச்சான் மெதுவாகக் கேட்டார்.

"தெரியாது மச்சான். இந்த நேரத்துல அவ தூங்கிப் பாத்ததில்ல."

"வேனைக் கொண்டு வந்து கயித்தை அதுல கட்டிடலாமா?"

"ஸ்டார்ட் பண்ணினா சத்தம் வருமே."

மச்சான் முனகிக்கொண்டு காலை மாற்றி நின்றார். சட்டை முழுக்க நனைந்துவிட்டது. தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொள்ள ஆசை, கையை எடுக்கப் பயம். தெருவில் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். டைட்டு கண்ணாலேயே அவர்களைப் போகச் சொன்னான்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. மெல்லிசாக, சீராக, பூனை உறுமுவது மாதிரி.

மச்சான் கழுத்தை நீட்டினார். "என்ன அது? ஃபேனா?"

"குறட்டை மச்சான்."

"எங்க வீட்டுல இருந்தவரைக்கும் அவ குறட்டை விட்டதே இல்லயே."

"இங்கயும் இல்ல."

இரண்டு பேரும் கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.